திரும்பிப் பார்க்காதவன்

மகாபாரதத்தின் 17ஆம் பர்வம் ஒரு மலையேற்றம். ஐவரும் திரௌபதியும் ஒரு நாயும் இமயத்தைக் கடந்து வரிசையாக நடக்கிறார்கள். மூலத்தில் அதற்கப்பால் மணற்காடு. நான் கேட்டு வளர்ந்த கதையில் பனி. முதலில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ஜுனன், கடைசியாகப் பீமன். ஒவ்வொரு முறையும் பீமன் காரணம் கேட்கிறான். தருமன் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்கிறான்: அவளுக்கு அர்ஜுனன்மேல் பாரபட்சம், இவனுக்கு அறிவில் கர்வம், அவனுக்கு அழகில். இதைத் துறவின் உச்சம் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

2018 ஜனவரியில் உத்தரகண்டிலுள்ள கேதார்கந்தாவுக்குப் பதினோரு பேர் போனோம். சுமார் 3,800 மீட்டர். இமயத்தில் இது ஓர் உயரமே அல்ல. உச்சியில் நின்றால் எதிரே சுவர்க்காரோகிணி தெரியும், 6,252 மீட்டர். பாண்டவர்கள் போன வழி அதுதான் என்கிறார்கள் அந்தப் பக்கத்து ஜனங்கள். அதே பள்ளத்தாக்கில் கர்ணனுக்கும் கோயில் இருக்கிறது. வரிசையில் இடம் கிடைக்காத மூத்தவன்.

கடைசி முகாமிலிருந்து அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். இரவு முழுவதும் பனி விழுந்திருந்தது. புதுப் பனியில் பாதை என்று ஒன்று கிடையாது. முதல் ஆள் முழங்கால்வரை புதைந்து குழி செய்கிறான். இரண்டாமவன் அந்தக் குழியில் கால் வைக்கிறான். கடைசி ஆளுக்கு அது படிக்கட்டு. நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் முன்னால் போகிறவனின் குதிகாலைத் தவிர வேறெதுவும் இல்லை. பனி சத்தத்தையும் உறிஞ்சிவிடுகிறது. பின்னால் ஒருவன் நின்றுவிட்டால் காதுக்கு எட்டாது. வழிகாட்டிக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தான். ஒவ்வொருவரும் அடிக்கடி திரும்பித் தனக்குப் பின்னால் வருகிறவனைப் பார்க்க வேண்டும். அவன் வெளிச்சம் தெரியாவிட்டால் முன்னால் போகிறவனை நிறுத்த வேண்டும்.

உச்சிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது எனக்குப் பின்னால் வந்தவரின் வெளிச்சம் நின்றது. பனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையுறையைக் கழற்றிப் போட்டிருந்தார். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார், நாக்குக் குழறியது. குளிர் உடம்புக்குள் இறங்கும்போது முதலில் விரல் தடுமாறுகிறது, பிறகு பேச்சு, பிறகு யோசனை. யோசனை தடுமாறிவிட்டால் தனக்கு ஆபத்து என்பதே அவனுக்குத் தெரியாது. பக்கத்திலிருப்பவனுக்குத்தான் தெரியும்.

நாங்கள் அவரைச் சுற்றி நின்று காரணம் சொல்ல ஆரம்பித்தோம். இரவு சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று எல்லோரையும் முந்திக்கொண்டு நடந்தார். யார் சொன்னாலும் கேட்பதில்லை. வழிகாட்டி காரணம் எதுவும் கேட்கவில்லை. வியர்வையில் நனைந்திருந்த உள்சட்டையைக் கழற்றி, உலர்ந்ததை மாட்டி, மேலே தன் ஜாக்கெட்டைப் போட்டான். பிளாஸ்கிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தான். வழிகாட்டி ஒருவனே இருக்கையில் குழுவைப் பிரிக்க முடியாது. எல்லோரையும் கீழே திருப்பினான். கட்டிய பணத்தை ஒருவர் ஞாபகப்படுத்தினார். அவன் பதில் சொல்லவில்லை. சுவர்க்காரோகிணியை நான் பார்க்கவில்லை.

தருமன் சொன்ன காரணங்களில் உடம்பே இல்லை என்பது இதற்குப் பிறகுதான் உறைத்தது. எல்லாம் குணம். மலையில் விழ ஒருவனுக்குக் குணதோஷம் தேவையில்லை, ஈரச் சட்டை போதும். காரணம் சொல்வது, நிற்காமல் நடப்பதற்கு ஒரு வசதி. விழுந்தவன்மேல் நியாயம் ஏற்றிவிட்டால் கால் நிற்க வேண்டியதில்லை.

வியாசனுக்கு இது தெரியாமலில்லை. கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் வேண்டாம் என்று தருமனைச் சொல்ல வைக்கிறான். அதோடு கதையை முடித்திருந்தால் நமக்குச் சௌகரியம். முடிக்கவில்லை. 18ஆம் பர்வத்தில் தருமன் நரகத்தில் நிற்கிறான். இருட்டில் தம்பிகளின் குரலும் திரௌபதியின் குரலும் கேட்கின்றன. இங்கேயே இருக்கிறேன் என்கிறான். அவன் திரும்பிப் பார்ப்பது அங்கேதான். மலையில் ஒரு நிமிஷத்தில் ஆகியிருக்கக்கூடிய காரியத்துக்கு இன்னொரு பர்வம் வேண்டியிருக்கிறது.