பெட்டியின் அடித்தட்டு

காசியாபாத்தில் ஒரு வேப்பமரத்தடியில் சைக்கிள் பழுது பார்த்துவந்த அந்தப் பெரியவருக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கிளையில் தொங்கிய பழைய டயர்தான் பலகை. கடை என்றால் ஒரு மரப்பெட்டி, ஒரு கைப்பம்பு, பஞ்சர் எங்கே என்று பார்க்க ஒரு தண்ணீர்ச் சட்டி. குடும்பத்துக்குச் சோறு போட்டவை பெட்டியின் மேல்தட்டில் இருந்தன: சலூஷன், உப்புத்தாள், டயர் லிவர், ஸ்போக் சாவி. வருகிற பத்து வேலைகளில் ஒன்பது இவற்றோடு முடிந்துவிடும்.

அடித்தட்டில் கிடந்தவற்றின் கதை வேறு. ஒரு பெரிய தட்டை ஸ்பேனர்; அதன் வாய் வேறு எந்த நட்டுக்கும் பொருந்தாது. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய தண்ணீர்க் குழாய். முடிச்சுப் போட்டுச் சுற்றிவைத்த கெட்டி நூல். தெரியாதவர் பார்த்தால் குப்பை என்றுதான் சொல்வார். அவருடைய மகனும் அப்படித்தான் சொன்னான்.

மகன் பாட்டரி ரிக்‌ஷா ஓட்டுகிறவன். வண்டி நின்றுபோனால் ஒரு திருப்புளி, அதற்கும் மசியாவிட்டால் செல்போன். இவ்வளவுதான் அவன் கருவிகள். "வருஷக்கணக்காக இந்தக் குழாய் வெளியே வந்து நான் பார்த்ததில்லை, அப்பா. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டால் பெட்டியாவது லேசாகும்" என்பான். தினமும் அந்தப் பெட்டியை வீட்டிலிருந்து மரத்தடிக்குத் தூக்கிச் செல்வது அவன்தான். ஆகவே அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. பெரியவர் பதில் சொல்வதில்லை.

குழாயின் வேலை இதுதான். பழைய கறுப்பு சைக்கிள்களில் பெடல் கட்டையைத் தாங்கும் கிராங்க், நடு அச்சோடு ஒரு காட்டர் பின்னால் இறுக்கப்பட்டிருக்கும். பின் தேய்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் கால் ஒருமுறை சறுக்கும், 'டக்' என்று சத்தம் வரும். பின்னைக் கழற்றச் சுத்தியலால் அடிப்பது எல்லோரும் செய்கிற வேலை. ஆனால் அந்த அடி பின்னோடு நிற்காது. அச்சு வழியாகப் போய், குண்டுகள் உருளும் கிண்ணத்தில் பள்ளம் விழவைக்கும். பின் மாறிவிடும், நடு அச்சு கெட்டுவிடும். குழாயைத் தரையில் நட்டு, பின்னின் மறுமுனை அதற்குள் இறங்கும்படி கிராங்கைத் தாங்கவைத்து அடித்தால், அடியைக் குழாய் வாங்கிக்கொள்ளும். நூலுக்கும் ஒரு வேலை உண்டு. ஹேண்டில்பார் குழாயில் தொடங்கி, பின்சக்கரம் மாட்டும் இடங்களைச் சுற்றி, மறுபக்கமாகத் திரும்பவும் முன்னால் கொண்டுவந்து இழுத்துக் கட்டினால், சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பிரேம் கோணல்.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நான்கு மணி நேரத்தில் அது அமலுக்கு வந்தது. ரயில் இல்லை, பஸ் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு 45 குடும்பங்களில் சைக்கிள் இருந்தது. கார் இருந்தது ஐந்துக்கும் குறைவான குடும்பங்களில். டெல்லியிலிருந்து பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களுக்கும் புறப்பட்ட தொழிலாளர்களில் பலர் நடந்தார்கள். கையில் காசு மிச்சமிருந்தவர்கள் பழைய சைக்கிள் வாங்கினார்கள்.

மே மாதத்தில் ஒரு விடியற்காலை, மரத்தடியில் யாரும் இல்லாததால் விசாரித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்தார் ஓர் இளைஞர். ஊர் தர்பங்கா. போகவேண்டியது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கேரியரில் ஒரு மூட்டை. வாங்கி மூன்று நாள்கூட ஆகாத பழைய சைக்கிளில் கிராங்க் ஆடியது. வழியில் கிடைத்த கல்லால் காட்டர் பின்னை அடித்து அதன் தலையை நசுக்கியிருந்தார். நடு அச்சும் ஆடியதால், யாரிடமோ ஸ்பேனர் வாங்கி வலப்பக்கக் கிண்ணத்தை வலதுபுறமாகத் திருப்பி 'இறுக்கி'யிருந்தார்.

அங்கேதான் தவறு. உலகத்தில் பெரும்பாலான மரைகள் வலதுபுறம் திருப்பினால் இறுகும். இந்த சைக்கிள்களின் வலப்பக்கக் கிண்ணமும் இடப்பக்கப் பெடலும் அப்படியல்ல. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக்கூடாது என்பதற்காக அவற்றுக்கு எதிர்மரை. இளைஞர் இறுக்க இறுக்க அது கழன்றிருக்கிறது.

பெரியவர் பெட்டியின் மேல்தட்டை எடுத்து ஒதுக்கிவைத்தார். குழாயைத் தரையில் நிறுத்தி மகனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான்கே அடியில் பின் விழுந்தது. அந்தப் பெரிய ஸ்பேனர் கிண்ணத்தில் சிக்கெனப் பொருந்தியது. உள்ளே குண்டுகளைத் துடைத்து, கிரீஸ் வைத்து, இடதுபுறமாகத் திருப்பி இறுக்கினார். டப்பாவிலிருந்து புது பின்கள் இரண்டை எடுத்து, அவற்றின் சரிவை அரத்தால் ராவி, இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்கும்வரை மாட்டிக் கழற்றி மாட்டினார். கடைசியாக நூலைப் பிடித்துப் பார்த்தார். பிரேம் நேராக இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இளைஞர் நீட்டிய பணத்தில் பின்களின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்பது தெரியாது. போன் நம்பர் வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. மிதித்துப் பார்த்தபோது சத்தம் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

அடுத்த மாதம், ஜூன் 3 அன்று, அதே காசியாபாத்தைச் சேர்ந்த சாகிபாபாத்தில் அட்லஸ் சைக்கிள் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. அன்று உலக சைக்கிள் தினம். தொழிற்சாலை நின்றாலும் அது செய்து அனுப்பிய சைக்கிள்கள் தெருவில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பால் கேன்களையும் சிமெண்ட் மூட்டைகளையும் அவை இன்னும் சுமக்கின்றன. அவற்றில் ஒன்று கழன்று நிற்கும்போது, அதைச் சாலைக்குத் திருப்பி அனுப்புவது பெட்டியின் அடித்தட்டுதான். தினசரிக் கூலியை வைத்துப் பார்த்தால் அந்தக் கருவிகளுக்கு மதிப்பு கிடையாது. அவை இல்லாத நாளில் எத்தனை வண்டிகள் பழைய இரும்பாகப் போயிருக்கும் என்று பார்த்தால்தான் அவற்றின் கணக்கு புரியும். ஆனால் அந்தக் கணக்கை யாரும் நோட்டில் எழுதிவைப்பதில்லை.

பெரியவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது, மரத்தடிக்குப் போவதில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுத்தபோது, மகன் ரிக்‌ஷாவின் உடைந்த மட்கார்டை எடுத்துப் போட்டான். பெட்டியையும் வெளியே இழுத்தான். குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கட்டிலில் படுத்திருந்தவரிடம் கேட்டான்:

"அப்பா, வலப்பக்கக் கிண்ணம் எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று சொன்னீர்கள்?"

அவர் படுத்தபடியே கையை உயர்த்தி, காற்றில் இடதுபுறமாகத் திருப்பிக் காட்டினார்.