ஒரு பாசி, ஒரு முடிச்சு

பெரியம்மாவின் கண்ணாடிப் பாசி மாலையை முதல் தடவை நான் கோத்தது மீன்பிடி நரம்பில். நைலான்தானே, யானையைக் கட்டினாலும் அறாது என்று நம்பினேன். ஒரு வருஷம் தாங்கியது. தங்கை மகள் கல்யாணப் பந்தியில் குனிந்து ரசம் ஊற்றும்போது கழுத்தில் சுருக்கென்று ஏதோ விட்டுப்போனது. அடுத்த கணம் தரையெல்லாம் பாசி. ஒன்று எதிர் இலை அப்பளத்தின் மேல் போய் உட்கார்ந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அதை எடுத்து, "உங்களுதா பாருங்கம்மா" என்று நீட்டினார். மொத்தம் 106 பாசி. பந்தி முடிந்து பெருக்கியெடுத்ததில் 93 கிடைத்தது.

பெரியம்மா திட்டவில்லை. "மணி மேல என்ன தப்பு, நூலப் பாரு" என்று மட்டும் சொன்னாள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் தேர்த்திருவிழாவில் நரிக்குறவப் பெண் ஒருத்தியிடம் வாங்கியது அந்த மாலை. அரிசி அளந்து கொடுத்து வாங்கினாளாம்.

நூலைப் பார்த்தேன். அறுந்த இடம் பிசிறில்லாமல், கத்தரித்த மாதிரி இருந்தது. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று வாங்கிப் பாசியின் துளையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெளியே வழவழவென்றிருக்கும் பாசி, துளையின் விளிம்பில் சின்ன ரம்பம். ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது.

லென்ஸைக் கையில் எடுத்தவள் அதோடு விடுவேனா. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் நூலிழை போல நீண்ட காற்றுக் குமிழிகள், துளை போகும் திசையிலேயே ஓடின. கம்பியில் கண்ணாடியைச் சுற்றிச் செய்த மணியென்றால் குமிழி துளையைச் சுற்றி வளைந்திருக்கும். நேராக ஓடினால் அது இழுத்துச் செய்தது. உருகிய கண்ணாடியை நடுவில் துளை இருக்கும்படி திரட்டி, உலையிலிருந்து கையால் இழுக்க இழுக்க நீளமான குழாயாக வரும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்குவார்கள். வெட்டின கூர்மை மழுங்க வேண்டும், அதே சமயம் துளை மூடிக்கொள்ளவும் கூடாது, சாம்பல் அதற்குத்தான். பெரியம்மாவின் பாசிகளில் சில அந்தச் சூட்டில் போதுமான நேரம் இருக்கவில்லை போலிருக்கிறது.

இந்த வேலை நம் கரையில் ரொம்பப் பழசு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். அங்கே கிடைத்த பாசிகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கடுகை விடக் கொஞ்சம் பெரிசாகச் சிவப்பு, நீலம், பச்சை. இதே ஜாதிப் பாசி கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொரியா, ஜப்பான் வரை கிடைத்திருப்பதால் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு இந்தோ-பசிபிக் பாசி என்று பேர் வைத்தார். திருப்பதிக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் அந்த உலைகள் எரிந்ததை அவர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்.

சரி, மாலைக்கு வருகிறேன். வைரத்தூள் ஒட்டிய ஊசி அரத்தைத் துளைக்குள் விட்டு, பாசியைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே மெதுவாகத் திருகினேன். உலர்வாகத் தேய்த்தால் கண்ணாடி விரிசல் விடும். தூளும் மூச்சில் போகும். நாலு சாயங்காலம் பிடித்தது. துளை சிதைந்த ஐந்தை ஒதுக்கினேன். மிச்சம் 88.

எவர்சில்வர் தாம்பாளத்தில் பழைய துண்டை விசிறி மடிப்பாகப் போட்டு, மடிப்பின் குழியில் பாசிகளை வரிசை வைத்தேன். வெறும் தட்டில் வைத்தால் மறுபடி கல்யாண மண்டபம்தான். டியூப்லைட்டில் எல்லாம் ஒரே சிவப்பாகத்தான் தெரிந்தது. காலையில் ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் அதில் மூன்று சிவப்பு: செங்கல், குங்குமம், காய்ந்த மிளகாய். இனம் பிரித்து வைத்துப் பார்த்தேன், கோடு போட்ட மாதிரி இருந்தது. கலைத்துவிட்டேன்.

இந்தத் தடவை முறுக்கு நைலான் நூல், இரட்டையாக, மாலை நீளத்தைப் போல் ஐந்து மடங்கு. ஒரு பாசி, ஒரு முடிச்சு. முடிச்சைத் தளர்வாகப் போட்டு, அதன் கண்ணுக்குள் ஊசியை விட்டு, ஊசி முனையாலேயே முடிச்சைப் பாசியின் விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். அங்கே சேர்ந்ததும் நூலை இழுத்தபடி ஊசியை உருவ வேண்டும். அரை நொடி முந்தி உருவினால் பாசிக்கும் முடிச்சுக்கும் நடுவே இடைவெளி. பிந்தினால் ஊசியைச் சுற்றி இறுகி வெளியே வராது. முதல் பத்துப் பாசியை மூன்று தரம் அறுத்துப் போட்டேன். அப்புறம் விரலுக்குப் பழகிவிட்டது. டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டே முடித்தேன். பாசி ஒன்று சுமார் 4 மில்லிமீட்டர், முடிச்சு சுமார் 1 மில்லிமீட்டர். தொலைந்த 13-க்கும் ஒதுக்கின ஐந்துக்கும் முடிச்சுகளே ஈடுகட்டிவிட்டன; பழைய நீளத்துக்கு அரை அங்குலம் கூடவே வந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மாவுக்கு இப்போது கண் அவ்வளவு தெரியாது. மாலையை மடியில் போட்டு, ஜபம் பண்ணுகிற மாதிரி ஒவ்வொரு முடிச்சாகத் தடவிக்கொண்டே போனாள். கடைசியில் எஸ் கொக்கியில் விரல் நின்றது.

"இத மாத்திடு. பின்கழுத்து முடியப் புடிச்சு இழுக்கும்."