மகன் பூட்டிய கார்

இங்கிலாந்தில் மகன் வீட்டுக்குப் போனபோது கராஜில் ஒரு கார் பாதி பூட்டியபடி நின்றது. 1957இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் வழிவந்த கேட்டர்ஹாம். அந்தக் காலத்தில் முழுக் காருக்கு வரி உண்டு. உதிரியாக வாங்கிப் பூட்டிக்கொண்டால் இல்லை. அந்த வரி போய்விட்டது, பூட்டும் ஆசை போகவில்லை. கூரை கிடையாது, எடை சுமார் 500 கிலோதான்.

"இதிலா ரேஸ்? நீ பிள்ளைகுட்டிக்காரன்டா!" என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே டார்ச் பிடித்தேன்.

ஊர் திரும்புவதற்கு முந்திய ஞாயிறு, பிராண்ட்ஸ் ஹேட்சில் கிளப் பந்தயம். "அப்பா, சக்கர நட்டையெல்லாம் ஒருமுறை பாருங்க" என்றான். எத்தனையோ கோப்புகளைச் சரிபார்த்தவன் நான். அன்றுதான் கை நடுங்கியது. மூன்று முறை பார்த்தேன்.

கடைசிக்கு முந்தி வந்தான். எனக்கு அதுவே போதும்.