யார் எடுக்கும் படம்?

நாகப்பாம்பும் படமெடுக்கிறது, அதன் எதிரே காமிராவும் கையுமாக நிற்கிற மனிதரும் படமெடுக்கிறார். நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கேட்க வேடிக்கையாக இருக்கிறதல்லவா? ஆனால் பாம்பு எடுக்கும் படத்துக்கும் மனிதர் எடுக்கும் படத்துக்கும் ஏழாம் பொருத்தம் என்பதைச் சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

காலண்டரிலும் சினிமாவிலும் நீங்கள் பார்த்த நாகங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒன்றாவது தலையைத் தாழ்த்திக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததா? எல்லாம் கழுத்தை விரித்துக்கொண்டு சீறி நிற்பவைதாம். 'என்ன கம்பீரம்!' என்று நாமும் மெச்சுகிறோம். கம்பீரமாவது! அத்தனையும் பயம். எதிரி நெருங்கிவிட்டான், தப்ப வழியில்லை என்று தோன்றும்போதுதான் நாகம் தன் கழுத்து விலா எலும்புகளை விரித்துத் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்கிறது. இரை தேடிப் போகும்போதும், வெயில் காயும்போதும் அதற்குப் படமும் கிடையாது, ஆர்ப்பாட்டமும் கிடையாது.

வங்கியில் உத்தியோகம் பார்க்கும் நண்பர் ஒருவர் எங்களுக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பாம்பு தேடக் கிளம்பிவிடுவார். "நாகம் படமெடுத்துவிட்டால் நான் காமிராவை மூடிவிடுவேன். நான் வந்தது அதற்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்" என்பார். அவர் சொன்ன வேறு சில சமாசாரங்களைக் கேட்டபோது எனக்கு மனசு சங்கடப்பட்டது. பாம்பு அழகாகச் சுருண்டு கிடப்பதுபோல் படம் வேண்டும் என்று அதைப் பாத்திரத்தால் மூடி வைத்து, சுருண்டதும் சட்டென்று பாத்திரத்தை எடுப்பார்களாம். அசையாமல் இருக்கவேண்டும் என்று குளிர்ப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்பவர்களும் உண்டாம். பாம்புக்கு நம்மைப்போல் உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. குளிரில் வைத்தால் விறைத்துத்தான் போகும். அதைக் கொண்டுபோய் ஒரு கிளையில் மாட்டி, 'காட்டில் கண்ட காட்சி' என்று போடுகிறார்கள். காடுமில்லை, காட்சியுமில்லை!

அவரோடு ஒரு தடவை போய்வருவதென்று நான் தீர்மானித்ததும் என் தாயார், "ஏண்டி, கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்களே! உனக்குப் பாம்பைப் படமெடுக்கிறவர்தானா அகப்பட்டார்?" என்றாள். நண்பரின் மனைவியும் வருகிறாள் என்று தெரிந்த பிறகே உத்தரவு கிடைத்தது.

செங்கற்பட்டுப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை. எங்களுக்கு வழிகாட்ட ஓர் இருளர் அம்மாள் வந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். இருளர்களின் பாம்பறிவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1978-ல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, மறுபடியும் அதைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடுகிறார்களே, அந்த மருந்து அப்படி எடுத்த விஷத்தைக் கொண்டுதான் தயாராகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது அளித்தார்கள்.

அந்த அம்மாள் ஒரு காரைப் புதரைக் காட்டி, "அதோ பாரும்மா" என்றார். பார்த்தேன். இலை, கொடி, முள். "எங்கே பாட்டி?" "நீ பாத்துக்கினுதான் இருக்கறே!"

கொடி என்று நான் நினைத்ததுதான் பாம்பு. கண்கொத்திப் பாம்பு என்று சொல்கிறோமே, அந்தப் பச்சைப் பாம்பு. பெயரைக் கேட்டதுமே என் கை தானாகக் கண்ணை மறைத்துக்கொண்டது. பாட்டி சிரித்தார். அது கண்ணைக் கொத்துவதற்கென்று காத்திருப்பதில்லையாம். ஓணானும் தவளையும் போதும் அதற்கு. விஷமும் மனிதரைக் கொல்லும் அளவுக்குக் கிடையாது. அதன் கண்ணைத்தான் நாம் பார்க்கவேண்டும்! பூனைக்குக் கண்மணி நெட்டுவசமாக இருக்குமல்லவா? இதற்குக் குறுக்குவசம், பழைய பூட்டின் சாவித் துவாரம் படுத்துக் கிடப்பதுபோல. இமை கிடையாது, கண்ணாடி போன்ற ஒரு செதிள்தான் மூடியிருக்கிறது. சட்டை உரிக்கும்போது அந்தச் செதிளும் சேர்ந்து உரிந்துவிடும்.

நண்பர் கிட்டே போகவில்லை. பாம்பின் கண் உயரத்துக்கு வரும்படி முழங்காலிட்டு, நீண்ட லென்ஸை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். "மேலு ஊதிக்கினு, கறுப்பும் வெள்ளையும் கட்டங்கட்டமா தெரிஞ்சா பின்னாடி வந்துடணும் தம்பி. அதுக்குக் கோவம்னு அர்த்தம்" என்று பாட்டி எச்சரித்தார். அதாவது, இதற்கும் ஒரு 'படம்' உண்டு! முக்கால் மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. காற்று வீசியபோது புதர் ஆடியது. பாம்பும் கூடவே ஆடியது. நாக்கை நீட்டியபடியே அசையாமல் இருந்தது. கடைசி வரையில் கறுப்பும் தெரியவில்லை, வெள்ளையும் தெரியவில்லை. பத்துப் படங்கள் எடுத்தார்.

பொறுமையாகப் பார்த்தவர்களால் இன்னொரு சந்தேகமும் தீர்ந்திருக்கிறது. நாகமும் சாரையும் பிணைந்து ஆடும், அதன்மேல் புதுத் துணியைப் போட்டு எடுத்தால் அதிர்ஷ்டம் என்று பாட்டிமார் சொல்வார்களே, நினைவிருக்கிறதா? பிணைந்து ஆடுவதாகப் படங்களில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் இரண்டு சாரைகள்தாம். இரண்டும் ஆண். ஒன்றையொன்று தரையில் அழுத்த முயலும் மல்யுத்தம் அது! நல்ல புடவையை வீணாக்காதீர்கள்.

திரும்பி வந்து அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "வெறும் செடியைப் போய் எடுத்திருக்கிறாரே!" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். "அட, கண்!" என்றவள், வெகு நேரம் படத்தைக் கீழே வைக்கவேயில்லை.

இப்போதெல்லாம் காலையில் பூப்பறிக்கப் போனால் அவள் செடியருகே சற்று நின்றுவிட்டுத்தான் கையை நீட்டுகிறாள். "பயமாக இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டேன்.

"பயமென்ன! தேடுகிறேன்" என்றாள்.