கட்டடமும் கேள்வியும்

மருத்துவக் கல்லூரியில் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்து சேரும் நாள், அந்த வீட்டுக்குப் பெருநாள். ஷுக்ரானா தொழுகையும், உற்றார் உறவினருக்கு இனிப்பும் முடிந்த கையோடு விசாரணை தொடங்கிவிடும். விடுதி எப்படி? பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு உண்டா? ஹலால் உணவு கிடைக்குமா? தொழ இடம் உண்டா? கட்டணம் எவ்வளவு? கட்டடம் எத்தனை மாடி? இவை யாவும் பெற்றோர் கேட்டே தீர வேண்டிய கேள்விகள்தாம். ஆயினும் ஒரு கேள்வியை மட்டும் எவரும் கேட்டு நான் கண்டதில்லை. அக்கல்லூரியில் மாணவர் தாமாக ஒன்றைத் தேடவும் கண்டறியவும் வழி இருக்கிறதா என்பதே அது.

எந்த நோயை இறைவன் இறக்கினாலும் அதற்கான நிவாரணத்தையும் இறக்காமல் விட்டதில்லை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இச்சொல் நோயாளிக்கு ஆறுதல். மருத்துவம் பயில்வோருக்கோ கட்டளை. மருந்து இருக்கிறது என்றால் அதைத் தேடுவோர் இருந்தாக வேண்டும் அல்லவா? அந்தத் தேடலை எந்த வயதில் தொடங்குவது? பட்டம் பெற்று, மேற்படிப்பும் முடித்து, தலை நரைத்த பிறகா?

இரண்டு மாணவர்கள்

நீரிழிவு எட்டிப் பார்க்காத வீடு இன்று நம் தெருக்களில் அரிது. ரமளான் நெருங்கினால், இன்சுலின் போட்டுக்கொள்ளும் நம் பெரியவர்கள் மருத்துவரையும் ஆலிமையும் மாறி மாறிச் சந்தித்து ஆலோசனை கேட்கிறார்கள். அந்த இன்சுலினின் வரலாற்றில் இரண்டு மாணவர்கள் நிற்கிறார்கள் என்பதைப் பலர் அறியார்.

1869ஆம் ஆண்டு பெர்லின் நகரில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவர், தம் பட்ட ஆய்வுக்காகக் கணையத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். மற்றவற்றினின்று வேறுபட்ட சிறு சிறு உயிரணுத் திட்டுகள் அதில் தென்பட்டன. அவற்றின் பணி என்னவென்று தமக்குத் தெரியவில்லை என நேர்மையாக எழுதி வைத்தார். அத்திட்டுகளே இன்சுலினைச் சுரக்கின்றன என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. இன்றும் அவை அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

52 ஆண்டுகள் கழிந்தன. 1921ஆம் ஆண்டுக் கோடையில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங் என்ற இளம் அறுவை மருத்துவர், பேராசிரியர் மக்லியாடிடம் ஓர் ஆய்வுக்கூடம் கேட்டார். பேராசிரியருக்கு முழு நம்பிக்கை இல்லை. எனினும் இடம் தந்தார். ஆய்வுக்கு நாய்களைத் தந்தார். இளநிலைப் பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்த சார்லஸ் பெஸ்ட் என்ற 22 வயது மாணவரையும் துணைக்குத் தந்தார். கோலிப் என்ற உயிர்வேதியியல் அறிஞர் பின்னர் சேர்ந்து மருந்தைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில், சாவின் விளிம்பில் கிடந்த லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் அம்மருந்தால் பிழைத்தெழுந்தான். 1923இல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் அறிவிக்கப்பட்டபோது, பாண்டிங் தம் பரிசுப் பணத்தில் பாதியை அந்த மாணவருக்கு அளித்தார்.

இவ்வரலாற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். நுண்ணோக்கி இல்லையேல் லாங்கர்ஹான்ஸ் இல்லை. ஆய்வுக்கூடம் இல்லையேல் பெஸ்ட் இல்லை. ஆகவே வசதிகள் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வசதியை ஓர் இளைஞனின் கையில் நம்பி ஒப்படைக்க ஒருவர் முன்வந்தார். அது நிகழாதிருந்தால் கூடம் கூடமாகவே இருந்திருக்கும்.

நம் முன்னோர் அமைத்த கூடங்கள்

இது மேலைநாட்டார் மட்டுமே கண்ட வழி என்று எண்ண வேண்டாம். 12ஆம் நூற்றாண்டில் சுல்தான் நூருத்தீன் ஸங்கி டமாஸ்கஸ் நகரில் மாபெரும் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். மருத்துவ நூல்கள் பலவற்றையும் அதற்கு வக்ஃபாக அளித்தார். அங்கே தலைமை மருத்துவர் நோயாளிகளைப் பார்வையிட்டு முடித்ததும் பெரிய மண்டபத்தில் வந்து அமர்வார். மாணவர்களும் மருத்துவர்களும் அவரைச் சூழ்ந்து அமர்வர். மூன்று மணி நேரம் வாதமும் வாசிப்பும் நடைபெறும். இதனை வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ பதிவு செய்திருக்கிறார். மருத்துவமனை, நூலகம், வகுப்பு மூன்றும் ஒரே கூரையின் கீழ்! அக்காலத்தின் நவீன வசதி அதுவே.

அந்த மருத்துவமனையில் பயின்றவர்தாம் இப்னு நஃபீஸ். இதயத்தின் நடுச்சுவரில் உள்ள துளைகள் வழியே இரத்தம் வலப்புறத்திலிருந்து இடப்புறம் செல்கிறது என்று கிரேக்க மேதை கேலன் கூறிச் சென்றிருந்தார். இப்னு ஸீனாவும் அதை ஏற்றிருந்தார். இப்னு நஃபீஸ் ஏற்கவில்லை. அச்சுவரில் துளை ஏதும் இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் வந்தடைகிறது என்று 1242இல் எழுதினார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டியே இருந்தது. பின்னாளில் கெய்ரோ சென்று புகழ்பெற்ற அவர், 1288இல் மறையும்போது தம் வீட்டையும் நூலகத்தையும் அங்கிருந்த மன்ஸூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார்.

அவருடைய இந்தக் கண்டுபிடிப்பைப் பிற்கால உலகம் மறந்திருந்தது. அதை வெளிக்கொணர்ந்தவரும் ஓர் இளைஞரே. ஜெர்மனியில் மருத்துவம் பயின்ற எகிப்தியரான முஹ்யித்தீன் அத்ததாவி, பெர்லின் நூலகத்தில் இருந்த கையெழுத்துப் படியை ஆராய்ந்து 1924இல் தம் பட்ட ஆய்வேட்டில் அதனை எடுத்துரைத்தார். ஆசிரியரை மதிப்பது வேறு. மனத்தில் எழுந்த ஐயத்தை விழுங்கிவிடுவது வேறு. இப்னு ஸீனாவை மதித்து அவருடைய நூலுக்கே விரிவுரை எழுதியவர்தாம் அவரோடு மாறுபட்டும் எழுதினார்.

பூட்டிய அறை

சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி மகளுடன் ஒரு கல்லூரியைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பெயர் வேண்டாம். வாயிலில் பளபளக்கும் பளிங்கு. திறன் பயிற்சிக் கூடம் என்று ஓர் அறையைக் காட்டினார்கள். நின்றுபோன இதயத்தை மீட்க மார்பை அழுத்திப் பழகவும், நரம்பில் ஊசி ஏற்றிப் பழகவும், பிரசவம் பார்க்கப் பழகவும் உதவும் பொம்மை உடல்கள் அங்கே இருந்தன. சிலவற்றின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. "மாலையில் வந்து நாங்களாகப் பழகலாமா?" என்று அவள் கேட்டாள். சாவி அலுவலகத்தில் இருக்கும், நினைத்தபோதெல்லாம் திறக்க முடியாது என்று பதில் வந்தது. திரும்பும் வழியில், "பெரியத்தா, பூட்டி வைப்பதற்கா இவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

இத்தகைய கூடம் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இருந்தாக வேண்டும் என்பது இன்று நம் நாட்டின் விதி. விதியால் அறையைக் கட்ட வைக்கலாம். அதன் கதவைத் திறந்து வைக்க மனம் வேண்டும்.

விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் புதுமை பிறக்கும் என்பதும் இல்லை. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவக் கல்லூரியின் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், அதிகம் பள்ளி சென்றிராத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து 1968ஆம் ஆண்டளவில் ரப்பரால் ஒரு செயற்கைப் பாதத்தை உருவாக்கினர். அன்று மேலைநாடுகளில் செய்யப்பட்ட பாதங்கள் காலணிக்குள் அடங்குபவை. குந்தி அமர இடம் தராதவை. ஜெய்ப்பூர் பாதமோ குந்தவும், சம்மணமிடவும், வெறுங்காலுடன் வயலில் நடக்கவும் உதவிற்று. பள்ளிவாசல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே செல்லும் நமக்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும். நோயாளி எப்படி வாழ்கிறார் என்று பார்த்ததே அங்கு பிறந்த முதல் புதுமை. மருத்துவமனையை ஒட்டி ஒரு பட்டறையும், அங்கே வேலை செய்பவரை மதித்துக் கேட்கும் மருத்துவரும் இருந்தமையால் அது கைகூடியது.

நாம் செய்யக்கூடியவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், இளநிலை மாணவர்கள் ஓர் ஆசிரியரின் வழிகாட்டலில் இரண்டு மாதம் ஆய்வு செய்ய உதவித்தொகை வழங்கும் திட்டத்தை 1979இல் தொடங்கியது. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் ஜமாஅத்துகள், இடம் கிடைத்தபின் இதுபோன்ற வாய்ப்புகளையும் எடுத்துச் சொல்லலாமே!

கல்வி அறக்கட்டளைகளை நடத்தும் செல்வந்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டணம் கட்ட உதவுகிறீர்கள். அல்லாஹ் அதற்குரிய கூலியை வழங்குவான். அதனோடு, ஆய்வில் ஈடுபடும் மாணவர் ஒருவரின் விடுமுறைக்காலச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கல்லூரிக்குக் கருவி வாங்கித் தருவோர் அதைப் பழுது பார்க்கவும் ஒரு தொகையை ஒதுக்கட்டும். நம் முன்னோர் மருத்துவமனையைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. அது நாள்தோறும் இயங்குவதற்காகச் சொத்துகளின் வருமானத்தையும் வக்ஃப் செய்தார்கள். பெயர் பொறித்த கல்லைவிட, எரியும் விளக்கும் திறந்த கதவுமே ஸதக்கத்துல் ஜாரியாவாக நெடுங்காலம் நிலைக்கும்.

பெற்றோர்களே! மகனோ மகளோ விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது மதிப்பெண்ணைக் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, "இந்தப் பருவத்தில் உன் மனத்தில் விடை கிடைக்காத கேள்வி எது?" என்றும் கேளுங்கள். தெரியவில்லை என்று எழுதிவைத்த ஒரு மாணவரின் வரியிலிருந்துதான், நம் வீட்டுப் பெரியவர்களின் உயிரைக் காக்கும் மருந்தை நோக்கிய பாதை தொடங்கியது.

பயன் தரும் கல்வியை நம் மக்களுக்கு வல்ல நாயன் வழங்குவானாக! ஆமீன்.