பாட்டை நிறுத்தியவள்

டியானா டர்பினைப் பற்றி எழுதுகிறவர்கள், அவள் திரையில் பாடிய பன்னிரண்டு வருஷத்தைத்தான் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ, அதற்குப் பிறகு அவள் வாய் திறக்காமல் இருந்த அறுபது வருஷம்தான் பெரிதாகப் படுகிறது.

கனடாவில் 1921-ல் பிறந்த பெண். 1936-ல் ‘த்ரீ ஸ்மார்ட் கர்ல்ஸ்’ வெளிவந்தது. முழுகிக்கொண்டிருந்த யூனிவர்ஸல் கம்பெனி அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கரையேறிற்று என்பார்கள். அப்புறம் அவளை வளரவிட யாருக்கு மனசு வரும்? 1939-ல் ‘ஃபர்ஸ்ட் லவ்’ படத்தில் ஒரு பையன் அவளை முதன்முதலாக முத்தமிட்டான். பத்திரிகைகள் அதை உலகச் செய்தியாக்கிவிட்டன!

1944-ல் ‘கிறிஸ்மஸ் ஹாலிடே’ படத்தில் கொலைகாரன் ஒருவனின் மனைவியாக நடித்தாள். ரசிகர்கள் கேட்டதோ பழைய சிறுமியைத்தான். (எனக்கும் கடிதம் வருகிறது: “உங்கள் முதல் நாவலில் வந்தாளே, அவளைப் போல ஒருத்தி...” படித்ததும் கோபம் வருகிறது.) 1948-ல் கடைசிப் படம். 1950-ல் டைரக்டர் சார்லஸ் டேவிட்டை மூன்றாவதாக மணந்து, பாரிஸுக்கு அருகே ஒரு கிராமத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள், திரும்பவே இல்லை. 2013-ல் இறந்தபோது வயது 91.

போனது நியாயம் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடியிருப்பேன். ஆனால் ஆம்ஸ்டர்டாமில், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த அறையில், ஆன் ஃபிராங்க் என்ற சிறுமி நட்சத்திரப் படங்களைச் சுவரில் ஒட்டியிருந்தாள். டியானாவும் அதில் உண்டு. ஆன் 1945-ல் முகாமில் செத்துப்போனாள். டியானாவுக்குப் பிடிக்காத அந்தச் சிரித்த முகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.