ஸ்ட்ராஸ்பர்க் கிறிஸ்துமஸ் சந்தையும் ஒரு கணக்கு வாத்தியாரும்

"போட்டோ மட்டும் போட்டிருக்கீங்க, ஒண்ணும் எழுதலையே டீச்சர்" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி மூன்று நாளாக எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

நான் இப்போது இருப்பது ஜெர்மனியில், கார்ல்ஸ்ருஹே என்ற ஊரில், மகன் வீட்டில். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் ரைன் நதி வரும். இக்கரையில் கேல் என்ற சின்ன ஊர், ஜெர்மனி. அக்கரையில் ஸ்ட்ராஸ்பர்க், பிரான்ஸ். கேலில் காரை நிறுத்திவிட்டு ட்ராமில் ஏறினோம். பாலத்தைத் தாண்டினால் வேறு நாடு. 1870-க்கும் 1945-க்கும் நடுவில் நாலு தடவை ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் கைமாறிய ஊர் அது. ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மொழியும் மாறியிருக்கும். அந்த டீச்சர்கள் என்ன பாடு பட்டார்களோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

போன நாள் டிசம்பர் 6, சனிக்கிழமை. அன்று புனித நிக்கோலாஸ் திருநாள். முந்தின இரவே பேத்தி தன் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டாள். காலையில் அதில் சாக்லேட்டும் ஆரஞ்சும் இருந்தன. "யாரு வச்சா ஆச்சி?" என்று என்னை விசாரணை வேறு. ஸ்ட்ராஸ்பர்க் சந்தையும் ஒரு காலத்தில் இந்த நிக்கோலாஸ் பெயரில்தான் நடந்ததாம். சீர்திருத்தச் சபை அங்கே வேரூன்றிய பிறகு, புனிதர் பெயரில் பரிசு கொடுக்கக் கூடாது, குழந்தை இயேசுவின் பெயரில் கொடுங்கள் என்று பிரசங்கம் செய்தார்கள். 1570-ல் சந்தையின் பெயரே மாறியது. பெயர் மாறினாலும் பலகாரம் மாறவில்லை, கூட்டமும் குறையவில்லை. மக்கள் எப்போதும் அப்படித்தான்.

பழைய நகரம் ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு. பாலத்தில் போலீஸ் நின்று பையைத் திறந்து பார்க்கிறார்கள். என் பையில் எலுமிச்சை சாதமும் மாவடு ஊறுகாயும். அந்தப் பெண் போலீஸ் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, கண்ணைச் சிமிட்டி மூடிக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்தச் சோதனை விளையாட்டுக்கு இல்லை. 2018 டிசம்பர் 11 மாலை, இந்தச் சந்தைத் தெருக்களில் ஒருவன் துப்பாக்கியும் கத்தியுமாகப் புகுந்ததில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். சில நாட்களிலேயே சந்தையைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். மகன் இதைச் சொன்னபோது பேத்தியின் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு கூட்டத்தில் அது மறந்தும் போனது.

சந்தை என்றால் ஒரே மைதானம் இல்லை. தெருத்தெருவாக, சதுக்கம் சதுக்கமாக மரப்பலகைக் குடில்கள். ஒரு சதுக்கத்தில் சுமார் 30 மீட்டர் உயர மரம் ஒன்றை நிறுத்தி விளக்குப் போட்டிருக்கிறார்கள். கடைகளில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நாரை பொம்மை, பனிமனிதன் பொம்மை, கண்ணாடி உருண்டை எல்லாம் பத்துக் கடைக்கு ஒரே சரக்கு. நம் ஆனித் திருவிழாக் கடையில் பிளாஸ்டிக் துப்பாக்கி தொங்குகிற மாதிரிதான். தின்பண்டம் அப்படி இல்லை. 'ப்ரெடெலே' என்று சின்னச் சின்ன பிஸ்கட்டுகள்: வெண்ணெய் போட்டது, சோம்பு போட்டது, கொட்டைப் பருப்பு போட்டது. வீட்டுக்கு வீடு பக்குவம் வேறாம். தீபாவளிக்கு என் மாமியார் அதிரசப் பாகு வைப்பதும் என் அம்மா வைப்பதும் வேறாக இருந்ததுபோல.

தெரு முழுக்க ஒரு வாசனை. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ. கஷாயம் காய்ச்சுகிறார்களா என்று பார்த்தால், சூடான ஒயின்! பிள்ளைகளே, கவலை வேண்டாம், டீச்சர் குடித்தது அதே மசாலா போட்ட சூடான ஆப்பிள் சாறு. கோப்பைக்குத் தனியாக டெபாசிட் வாங்குகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் கிடைக்கும். நான் கொடுக்கவில்லை, ஊருக்குக் கொண்டுவருகிறேன். குளிரில் விரல் விறைத்து நிற்கும்போது அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வதே பெரிய சுகம். முன்பின் தெரியாத ஆட்கள் ஒரு பீப்பாயைச் சுற்றி நின்று குடிக்கிறார்கள். இடம் விட்டு எனக்கும் நிற்க வழி செய்தார்கள்.

எந்தத் தெருவில் நின்றாலும் கடைசியில் கண் போவது பேராலயத்துக்குத்தான். செம்மண் நிறக் கல். 142 மீட்டர் கோபுரம், 1439-ல் முடித்திருக்கிறார்கள். 1647-லிருந்து 1874 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான். இரண்டு கோபுரத்துக்குத் திட்டமிட்டு ஒன்றுதான் கட்ட முடிந்தது. அந்த ஒற்றைக் கோபுரமே இப்போது ஊருக்கு அடையாளம்.

உள்ளே ஒரு வானியல் கடிகாரம் இருக்கிறது. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். 18 மீட்டர் உயரம், நம் பள்ளிக்கூடக் கட்டடத்தை விட உயரம். மதியம் பன்னிரண்டரைக்கு அது பன்னிரண்டு மணி அடிக்கும். கடிகாரம் தப்பில்லை! அது அந்த ஊரின் பழைய சூரிய நேரத்தில் ஓடுகிறது. ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு நாலு நிமிடம் என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேனே, அதே கணக்கு. இந்திய நேரம் 82.5 டிகிரிக்கு உரியது. பாளையங்கோட்டை இருப்பது சுமார் 77.7 டிகிரியில். நம்மூர்ச் சூரியன் கடிகாரத்துக்கு எத்தனை நிமிடம் பின்னால் வருவார்? கமெண்டில் போடுங்கள், பார்க்கிறேன்.

கால் மணிக்கு ஒரு முறை ஒரு உருவம் எமன் முன்னால் கடந்து போகிறது. முதலில் குழந்தை, அப்புறம் வாலிபன், அப்புறம் நடுவயதுக்காரன், கடைசியில் கிழவர். மணி அடிப்பது எமன், அதாவது ஓர் எலும்புக்கூடு. அதற்குப் பிறகு மேலே பன்னிரண்டு சீடர்களும் வரிசையாக இயேசு முன்னால் போகிறார்கள். சேவல் சிறகடித்து மூன்று தடவை கூவுகிறது. எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்து மேலே பார்த்தார்கள். என் கண் கீழேயே இருந்தது. கிழவர் கைத்தடியோடு மெதுவாகப் போய் மறைந்தார்.

உங்கள் சார் போய் வருகிற மார்ச்சோடு இரண்டு வருடம். அதற்கப்புறம் திண்ணை வகுப்பை நிறுத்திவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். "இங்கேயே இருந்திரும்மா, அங்க தனியா என்ன செய்யப் போற" என்று மகன் வந்த நாளிலிருந்து கேட்கிறான். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முட்டி வலி இருக்கிறது, வீட்டில் பேச்சுத்துணை இல்லை. நான் பதில் சொல்லாமலே நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

பேத்தி சேலையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா போயாச்சு. அடுத்து யாரு வருவா ஆச்சி?"

"இன்னும் கால் மணி நேரத்துல குழந்தை வரும்" என்றேன். அவள் கிழவரைத்தான் தாத்தா என்றாள். இருந்தாலும் எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்தக் கடிகாரத்தைச் செய்தவர் கதையைக் கேளுங்கள். பெயர் ழான் பப்தீஸ்த் ஷ்வில்கே. அதே இடத்தில் இருந்த பழைய கடிகாரம் 1788 வாக்கில் நின்றுபோனது. சிறுவனாக இருந்த இவரிடம் யாரோ இனி இது ஓடாது என்று சொன்னதாகவும், "நான் ஓட வைப்பேன்" என்று இவர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கதை போகட்டும். கடிகார வேலை கற்றுக்கொண்டு, மற்றதெல்லாம் தானாகப் படித்து, செலஸ்டா என்ற பக்கத்து ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தார் மனிதர். (கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றிய 1521-ம் வருடக் கணக்குப் புத்தகக் குறிப்பும் அதே செலஸ்டாவில்தான் இருக்கிறது.) பிறந்தது 1776. பேராலயக் கடிகார வேலை கைக்கு வந்தது 1838-ல். முடித்தது 1842-ல். வயதை நீங்களே கழித்துப் பாருங்கள், அப்புறம் என் வயதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெறும் பொம்மைக் கடிகாரம் இல்லை அது. ஈஸ்டர் ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில் வரும், நிலவையும் கிழமையையும் சேர்த்துப் போடுகிற சிக்கலான கணக்கு. அதைப் பல்சக்கரங்களாலேயே போட வைத்திருக்கிறார். டிசம்பர் 31 நள்ளிரவில் அந்தச் சக்கரங்கள் தானாகச் சுழன்று, புது வருடத்து ஈஸ்டர் தேதியைக் காட்டும். கரண்டும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. இதை முடித்த கையோடு 1844-ல் கூட்டல் போடும் இயந்திரம் ஒன்றுக்கும் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

வெளியே வந்ததும் சந்தைக் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. வறுத்த கஷ்கொட்டை ஒரு பொட்டலம் வாங்கி, பேராலயத்துச் சுவர் ஓரமாக நின்று தின்றோம். பேத்தி எனக்கு ஜெர்மன் மொழியில் ஒன்று இரண்டு சொல்லிக்கொடுத்தாள், நான் அவளுக்குத் தமிழில். பதினேழில் இரண்டு பேரும் தடுமாறினோம்.

திரும்பி வரும்போது ட்ராமில் மகனிடம் சொல்லிவிட்டேன், ஜனவரி டிக்கெட்டை மாற்ற வேண்டாம் என்று. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாலம் தாண்டிய பிறகுதான் பேசினான். "வருஷா வருஷம் டிசம்பருக்கு வரணும்" என்றான். வருகிறேன் என்றேன்.

பொங்கல் கழிந்து முதல் திங்கட்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் திண்ணை வகுப்பு ஆரம்பம். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை உள்ள பிள்ளைகளை அனுப்புங்கள். பணம் கிடையாது. யார் வீட்டுப் பரணிலாவது சாவி கொடுக்கிற பழைய சுவர்க் கடிகாரம் கிடந்தால் இரும்புக்கடையில் போட்டுவிடாதீர்கள், பல்சக்கரம் சொல்லிக்கொடுக்க எனக்கு வேண்டும். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. பேட்டரி கடிகாரம் வேண்டாம்.